வில்லிஸ் ஜீப்பின் டிரான்ஸ்ஃபர் கேஸுக்குக் கைகொடுத்தவர்களுக்கு

அன்புடையீர்,

போடி ஷெட்டில் நின்றிருந்த சி.ஜே.3பி ஜீப்பின் டிரான்ஸ்ஃபர் கேஸ் (கியர் பாக்ஸிலிருந்து வரும் இழுவையை முன், பின் அச்சுகளுக்குப் பிரித்துத் தரும் பெட்டி) மறுபடியும் வண்டியில் ஏறிவிட்டது. கசிவு இல்லை, லோ கியர் (மேட்டுக்கான, வேகம் குறைந்து இழுவை கூடும் நிலை) நழுவுவதில்லை, ஹேண்ட் பிரேக் பிடிக்கிறது. உதவிய உங்களில் பலர் ஒருவரையொருவர் பார்த்ததுகூட இல்லை. யார் செய்த உதவி எந்த இடத்தில் பயன்பட்டது என்று எல்லோருக்கும் தெரியவேண்டும் என்பதால் இதைப் பொதுவில் எழுதுகிறோம்.

மகிந்திரா உரிமம் பெற்று இந்தியாவில் தயாரித்த வில்லிஸ் ஜீப் இது. அடியில் இருப்பது ஸ்பைசர் 18. இரண்டாம் உலகப் போர்க்கால வில்லிஸ் எம்.பி. ஜீப்பில் இருந்த அதே வகை. இதற்குச் செயின் கிடையாது, எல்லாமே பல்சக்கரம். கியர் பாக்ஸின் மெயின் ஷாஃப்ட் பின்னால் நீண்டு வந்து கேஸுக்குள் மெயின் கியரைச் சுழற்றும். அது நடுவில் உள்ள இடைக் கியரைச் சுழற்றும். இடைக் கியர் அவுட்புட் ஷாஃப்டைச் சுழற்றும். சாதாரண ஓட்டத்துக்கான ஹை கியரில் பின் சக்கரம் மட்டும் இழுத்துக்கொண்டு சமதளத்தில் போனாலும் பாரம் முழுக்க இந்த இடைக் கியர் வழியாகத்தான் போயாக வேண்டும். அதனால் இந்தக் கேஸில் முதலில் தேய்வது இடைக் கியரைத் தாங்கும் இடை ஷாஃப்டும் அதன்மேல் ஓடும் நீடில் பேரிங்கும் (மெல்லிய உருளைகள் கொண்ட பேரிங்)தான். நீங்கள் செய்த உதவிகளில் பாதிக்கு மேல் அந்த ஒரு ஷாஃப்டைச் சுற்றியே இருந்தன.

முதல் நன்றி போடி மேஸ்திரி ஐயாவுக்கு. எதையும் பிரிக்கும் முன்பே, வண்டியில் கேட்ட உறுமல் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்கும் வழியைச் சொன்னவர் அவர்தான். எஞ்சின் ஓட, கியர் பாக்ஸ் நியூட்ரலில் இருக்க, கிளட்ச்சை விட்டுக் கேட்க வேண்டும். அப்போது சத்தம் இல்லை. பிறகு டிரான்ஸ்ஃபரை நியூட்ரலில் போட்டு, கியர் பாக்ஸை மூன்றாம் கியரில் போட்டு, நின்ற இடத்திலேயே கிளட்ச்சை விட வேண்டும். மெயின் கியரும் இடைக் கியரும் சுழலும், அவுட்புட் ஷாஃப்டும் அதன் டேப்பர் பேரிங்குகளும் அசையாது. அந்த நிலையில் உறுமல் வந்தது. ஆகவே குற்றம் மெயின் ஷாஃப்டின் பின் பேரிங்கிலோ இடைக் கியரிலோதான்.

கேஸைக் கழற்றும்போது ஐயா சொன்ன இன்னொன்றும் உதவியது. பின்பக்கச் சிறு மூடியைத் திறந்து, மெயின் கியரின் காட்டர் பின்னையும் (நட் கழலாமல் தடுக்கும் கம்பி) நட்டையும் எடுத்து, கியரை உருவிய பிறகு கேஸை அப்படியே இழுத்தால் மெயின் ஷாஃப்டும் கூடவே பின்னால் வந்துவிடும். கியர் பாக்ஸுக்குள் சிங்க்ரோ (கியர் உரசாமல் விழ உதவும் பித்தளை வளைய அமைப்பு) கலைந்துபோகும். மேலே ஷிஃப்ட் மூடியைக் கழற்றி, இரண்டாம் கியருக்குப் பின்னால் ஷாஃப்டில் கம்பியைச் சுற்றி, இரு முனைகளையும் முன்னால் உள்ள போல்ட்டுகளில் இழுத்துக் கட்டிவிட்டால் ஷாஃப்ட் நகராது. பேரிங் கியர் பாக்ஸோடு தங்கிவிடும், கேஸ் தனியாகக் கழன்று வரும்.

கேஸைக் கழுவிக் கொடுத்த தம்பிக்கு எங்கள் அன்பு. மண்ணெண்ணெயில் ஊறிய சேற்றைக் கொட்டாமல் சல்லடையில் வடிகட்டியதால்தான், இரண்டு ஷிஃப்ட் ராடுகளுக்கும் நடுவில் இருக்கும் சின்ன இன்டர்லாக் துண்டு கிடைத்தது. முன் அச்சு சேராமல் லோ விழாதபடி தடுப்பது அதுதான். லோவில் முறுக்குவிசை ஏறத்தாழ இரண்டரை மடங்காகும். அது முழுவதும் பின் அச்சில் மட்டும் இறங்கினால் ஆக்ஸில் ஷாஃப்ட் தாங்காது. அந்தத் துண்டை விட்டுவிட்டுப் பூட்டிய கேஸ்கள் மலை வண்டிகளில் ஏராளம். தம்பியின் பொறுமை அந்த வரிசையில் இந்த வண்டி சேராமல் காத்தது.

புதுப்பேட்டை உதிரிபாகக் கடை அண்ணனுக்கு: 'மாடல் சொன்னா போதாது, ஷாஃப்டை அளந்து சொல்லுங்க' என்று நீங்கள் பிடிவாதமாக நின்றது சரியே. இந்தக் கேஸில் இடை ஷாஃப்ட் 3/4, 1 1/8, 1 1/4 அங்குலம் என மூன்று தடிமனில் வந்திருக்கிறது. ஷாஃப்ட் மாறினால் பேரிங்கும் இடைக் கியரின் துளையும் மாறும். எங்களுடையது 31.75 மி.மீ., அதாவது 1 1/4. இருமுனையிலும் ஓ-ரிங் பள்ளம் வெட்டிய ஷாஃப்டைத் தேடிக் கொடுத்ததற்குத் தனி நன்றி. பழைய வகையில் ஷாஃப்டின் ஓரமாகவே ஆயில் வெளியே கசியும்.

கோயம்புத்தூர் போரிங் பட்டறை மாஸ்டருக்கு என்ன சொன்னாலும் குறைவுதான். கேஸின் முன்பக்கத் துளை ஒரு திசையில் 0.12 மி.மீ. தேய்ந்து முட்டை வடிவமாகியிருந்தது. அதில் புது ஷாஃப்டைப் போட்டால் அது சாய்ந்து நிற்கும், நீடில் பேரிங்கின் ஒரு ஓரம் மட்டும் பாரம் தாங்கும், விரைவிலேயே பழைய கதைதான். தேய்ந்த துளையின் நடுவைப் பார்த்தே பெரிதாக்கி புஷ் (துளைக்குள் பொருத்தும் வளையம்) போட்டுத் தருவதாக வேறு ஓர் இடத்தில் சொன்னார்கள். இந்தக் கேஸில் கியர்களின் இடைவெளியைச் சரிசெய்ய வழியே கிடையாது, துளையின் மையம்தான் அதைத் தீர்மானிக்கிறது; தேய்ந்த துளையின் நடுவோ நகர்ந்துபோயிருக்கும். மாஸ்டர் தேயாத பின்துளையில் மேன்ட்ரலை (மையம் பிடிக்கும் உருளைத் தண்டு) பொருத்தி, அதையே ஆதாரமாக வைத்து முன்துளையை வெட்டி, வார்ப்பிரும்பு புஷ்ஷை இறுக்கமாக ஏற்றி, அதே செட்டிங்கில் உள்வெட்டும் முடித்தார். கூடவே ஒரு டம்மி ஷாஃப்டும் கடைந்து தந்தார். நீளம் இடைக் கியரும் இரண்டு த்ரஸ்ட் வாஷரும் (கியரின் பக்கவாட்டு உரசலைத் தாங்கும் வளையம்) சேர்ந்த அளவு, தடிமன் ஷாஃப்டைவிட ஒரு மயிரிழை குறைவு. கியர், பேரிங், வாஷர் மூன்றையும் அதில் கோத்து அடிவழியாக ஏற்றி, பின்னாலிருந்து உண்மையான ஷாஃப்டைத் தள்ளினால் டம்மி முன்னால் வெளியே வந்துவிடும். வாஷரின் நாக்கு கேஸின் பள்ளத்தில் உட்கார வேண்டும், வெண்கல முகம் கியரைப் பார்க்க வேண்டும். கெட்டியான கிரீஸ் தடவினால் நழுவாது.

பாலிடெக்னிக் ஆய்வகத்திலிருந்து டயல் கேஜையும் காந்த ஸ்டாண்டையும் இரவல் தந்த சாருக்கும், அங்குல அளவுகளை எல்லாம் மில்லிமீட்டராக்கி ஒரே தாளில் எழுதித் தந்த அக்காவுக்கும் சேர்த்து நன்றி. அவுட்புட் ஷாஃப்டின் முன்பின் ஆட்டம் 0.004 முதல் 0.008 அங்குலம், அக்காவின் தாளில் 0.10 முதல் 0.20 மி.மீ. ஆயில் சீல் போடாமல் பின் கேப்பை மட்டும் இறுக்கி, ஷாஃப்டை இருபுறமும் பித்தளைக் கட்டையால் தட்டி பேரிங்கை உட்காரவைத்து அளந்தோம். காட்டியது 0.40. பின் கேப்புக்கு அடியில் இருந்த 0.25 மி.மீ. ஷிம் (மெல்லிய தகடு) ஒன்றை எடுத்ததும் 0.15 வந்தது. ஷிம் கூடினால் ஆட்டம் கூடும் என்பதை நினைவில் வைக்க வேண்டும். பலர் தலைகீழாகச் செய்துவிடுகிறார்கள். ஆட்டமே இல்லாமல் இறுக்கினால் மேட்டில் ஏறும்போது பேரிங் சூடாகி நீலம் பாய்ந்துவிடும்.

அவுட்புட் ஷாஃப்டின் பின்முனையில் மாட்டும் ஃபிளேன்ஜில் பழைய சீல் உரசிய பள்ளத்தில் நகம் மாட்டியது. புது சீலை 2 மி.மீ. தள்ளி உட்காரவைத்து, உதடு தேயாத இடத்தில் படும்படி செய்யச் சொன்ன கம்பம் அண்ணனுக்கும் நன்றி. இந்த ஜீப்பில் ஹேண்ட் பிரேக் டிரம் அந்தச் சீலுக்கு அடுத்தே இருக்கிறது. அங்கே ஒழுகினால் லைனிங் ஆயில் குடித்துவிடும், ஆயில் குடித்த லைனிங்கை எப்படிக் கழுவினாலும் பிடிக்காது. மாற்றத்தான் வேண்டும், மாற்றினோம்.

கடைசியாக எஸ்டேட் டிரைவர் அண்ணன். போடிமெட்டுச் சாலையில் பாரம் ஏற்றி ஏறியும் இறங்கியும் ஓட்டிப் பார்த்தவர் அவர். இறக்கத்தில் லோவில் போட்டு ஆக்ஸிலரேட்டரை விடும்போது லிவர் துள்ளுகிறதா என்று பார்த்தார். துள்ளினால் ஷிஃப்ட் ராடை அதன் இடத்தில் பிடித்துவைக்கும் பாப்பெட் ஸ்பிரிங் தளர்ந்திருக்கும், அல்லது ஷிஃப்ட் ராடின் பள்ளம் தேய்ந்திருக்கும். ஸ்பிரிங் இரண்டும் புதிது, துள்ளவில்லை. 50 கி.மீ. கழித்து கியர் பாக்ஸ், டிரான்ஸ்ஃபர் இரண்டின் ஆயில் மட்டத்தையும் பார்க்கச் சொன்னதும் அவரே. ஒன்றில் கூடி மற்றொன்றில் குறைந்தால் மெயின் ஷாஃப்ட் பேரிங் வழியாக ஆயில் தாண்டுகிறது என்று பொருள். இரண்டும் ஊற்றிய மட்டத்திலேயே இருந்தன. டிரான்ஸ்ஃபருக்கு ஏறத்தாழ ஒன்றரை லிட்டர், 90 நம்பர், ஜி.எல்.4 தரத்து கியர் ஆயில். கியர் பாக்ஸுக்கும் அதே ஆயில்தான். ஜி.எல்.5 ஆயில் சிங்க்ரோவின் பித்தளையை அரிக்கக்கூடும் என்பதால் இரண்டிலும் அதைத் தவிர்த்தோம்.

மூணாறு பக்கத்து எஸ்டேட் ஷெட்டிலிருந்து வந்த சாமான் பெட்டியில், பயன்படுத்தாத 1 1/8 அங்குல இடை ஷாஃப்ட் ஒன்றும் இரண்டு த்ரஸ்ட் வாஷர்களும் மீதம் இருக்கின்றன. பெட்டியை அனுப்பியவர்கள் வேறு யாருக்காவது கொடுக்கச் சொல்லிவிட்டார்கள். உங்கள் ஷாஃப்டை மைக்ரோமீட்டரில் அளந்து 28.58 மி.மீ. வந்தால், மேஸ்திரி ஐயாவின் பட்டறைக்கு வந்து எடுத்துக்கொள்ளுங்கள். விலை வேண்டாம்.

நன்றியுடன்,
போடி ஷெட்டில் இந்த வேலையைச் செய்தவர்கள்