ரிசர்வ் வங்கி ஆளுநருக்கு: கத்தரி யார் தலைக்கு?

மதிப்பிற்குரிய ஆளுநர் அவர்களுக்கு,

வணக்கம். தவணை முடிந்த நகைக்கடனை முழுதாக அடைத்து, நகையை மறுபடி அடகு வைக்கச் சொல்லும் விவகாரம் உங்களுக்குப் புதிதல்ல. தமிழ்நாட்டிலிருந்து மட்டும் எத்தனை மனுக்கள் வந்திருக்கும்! அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

எங்கள் ஊர்க் கிளையில் அக்காவின் வளையல்களுக்குப் போன வாரம் தவணை முடிந்தது. வட்டிப் பணம் கையில் இருந்தது. “அசலும் சேர்த்துக் கட்டித் திருப்புங்கள், அப்புறம் மறுபடி வையுங்கள்” என்றார்கள். அசலுக்கு எங்கே போவது? வங்கிக்கு எதிரே டீக்கடையில் இதற்கென்றே ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். நூற்றுக்கு ஒரு ரூபாய், ஒரே நாளுக்கு. பணத்தைக் கொடுத்துவிட்டு அக்காவோடு உள்ளே வந்தவர், மதிப்பீட்டாளர் அதே வளையலை மறுபடி உரைகல்லில் தேய்த்து முடிக்கும்வரை கவுண்டர் ஓரமாகவே நின்றார். புதுக் கடன் கைக்கு வந்ததும் எண்ணி வாங்கிக்கொண்டு போய்விட்டார். இதில் வங்கிக்கு என்ன பாதுகாப்பு கூடிவிட்டது? வட்டியை வாங்கிக்கொண்டு கடனைப் புதுப்பிக்கச் சொல்லுங்கள். கேட்பது அவ்வளவுதான்.

பெரிய கம்பெனிக் கடன்களில் வங்கிகள் விட்டுக்கொடுக்கும் தொகைக்கு உங்கள் வட்டாரத்தில் ‘ஹேர்கட்’ என்று பெயர். அந்தச் சொல் ஈட்டுக் கணக்கில் வந்தது. ஈடாக வரும் பங்கு, கடன் பத்திரம் போன்றவற்றின் சந்தை மதிப்பில் கொஞ்சம் வெட்டிவிட்டு மீதிக்குத்தான் கடன். அதாவது, வெட்டு கடன் வாங்குபவருக்கு. எங்கள் நகைக்கும் அதே கணக்குதான். 100 ரூபாய் நகைக்கு 75 ரூபாய்க்கு மேல் கிடையாது என்று பல ஆண்டுகள் வைத்திருந்தீர்கள். கம்பெனிகள் என்றதும் கத்தரி கடன் கொடுத்தவர் தலைக்குத் திரும்பிவிட்டது. வீடியோகான் குழுமம் தர வேண்டியது சுமார் 64,838 கோடி ரூபாய். திவால் வழக்கில் 2021இல் ஒப்புதலான தீர்வுத் திட்டத்தில் அதற்குக் கிடைப்பதாக இருந்தது 2,962 கோடி. ஒப்புதல் தந்த மும்பைக் கம்பெனி சட்டத் தீர்ப்பாயமே இது முடிவெட்டா, மொட்டையா என்று கேட்டது. பழனிக்குப் போன புண்ணியம்கூட இல்லாத மொட்டை! மேல்முறையீட்டில் அந்த உத்தரவு ரத்தானது உண்மைதான். ஆனால் கடன் கொடுத்தவர்களின் குழு முதலில் அதற்குச் சரி என்று வாக்களித்திருந்ததே. அசலையும் கொண்டு வா என்று அங்கே பெரும்பாலோர் பிடிவாதம் பிடிக்கவில்லை.

சரி, கோபத்தில் எங்கோ போய்விட்டேன். பெரியவர்கள் கணக்கை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள். எங்களுக்குத் தள்ளுபடி எதுவும் வேண்டாம், வட்டியை முழுதாகக் கட்டுகிறோம். வட்டி கட்டினால் புதுப்பிக்கலாம் என்பதை எல்லா வங்கிகளுக்கும் சந்தேகத்துக்கு இடமில்லாமல் எழுதி, ஒவ்வொரு கிளை வாசலிலும் தமிழில் ஒட்டச் சொல்லுங்கள். தயவுசெய்து.

இப்படிக்கு,
நகைக்கடன் வாடிக்கையாளர் ஒருவர்