கொமினிகேசன் கடைக்காரருக்கு ஒரு திறந்த மடல்: எந்த பிறவுசர் கெதி எண்ட சண்டையை விடுங்கோ

யாழ்ப்பாணத்தில கொமினிகேசன், நெற் கஃபே வச்சிருக்கிற அண்ணைமார் அக்காமாருக்கு வணக்கம்.

போம் நிரப்ப, பிறின்ற் எடுக்க எண்டு உங்கட கடையளுக்கு வந்தா ஒவ்வொரு இடத்திலயும் ஒவ்வொரு தீர்ப்பு. குறோம்தான் கெதி எண்டு ஒராள், இல்லை எட்ஜ் எண்டு மற்றவர், பயர்பொக்ஸ் செத்துப்போச்சு எண்டு இன்னொராள். ஆனா குறோம், எட்ஜ், ஒபேரா, பிறேவ் எல்லாத்துக்கும் உள்ளுக்க, பேச்சை வாசிச்சு திரையில காட்டிற எஞ்சின் ஒண்டுதான், பிளிங்க் எண்டு பேர். ஒபேரா 2013லயே தன்ர எஞ்சினைக் கைவிட்டு அதுக்கு மாறிட்டுது, மைக்ரோசொவ்ற்றும் 2020 ஜனவரியில எட்ஜை அதிலயே கட்டி விட்டுட்டுது, பேந்தென்ன போட்டி? வெளிநாட்டு மாமா அனுப்பின ஐபோனில குறோம் போட்டிட்டு பெருமை பேசிற பொடியளுக்கும் சொல்லுங்கோ, இஞ்ச அது ஆப்பிளின்ர சபாரி பிறவுசரின்ர எஞ்சினான வெப்கிற்றிலதான் ஓடுது. விண்டோஸில பெரிய பிறவுசருக்குள்ள தன்ர சொந்த எஞ்சினோட நிக்கிறது பயர்பொக்ஸ் மட்டும்தான்.

வேகம் அளக்க ஸ்பீடோமீற்றர் எண்டு ஒரு சோதனை இருக்கு, அதின்ர 3ம் பதிப்பை 2024 மார்ச்சில ஆப்பிள், கூகிள், மொசில்லா, மைக்ரோசொவ்ற் எல்லாரும் சேந்துதான் விட்டவை. அதில வாற சின்ன வித்தியாசம் உங்கட கடையில வந்து இருக்கிற ஆளின்ர கண்ணுக்குத் தெரியாது. ஏ.எல் றிசல்ட் அண்டைக்கு பேச் வராம கிடக்கிறது அங்கால சேர்வர் திணறுறதாலதான், குறோமை மூடி எட்ஜைத் திறந்து றிபிறெஸை அமத்திக்கொண்டு இருந்தா விரல்தான் நோகும்.

மெசினை உண்மையா இழுத்தடிக்கிறது றாம், வேலை செய்யேக்க அது பாவிக்கிற நினைவகம். 4 ஜிபி மெசினில காலமை வந்தவர் திறந்த ராப்பில இருந்து இப்ப வந்தவற்ற ராப் வரைக்கும் அப்பிடியே கிடக்கும், ஒண்டு விழுந்தாலும் மற்றதுகள் விழாம இருக்கவேணும் எண்டும் பாதுகாப்புக்கும் இந்தப் பிறவுசருகள் சைற்றுகளைத் தனித்தனி புறோசஸா, அதாவது தனித்தனி வேலையாத்தான் ஓட்டுதுகள், அதுக்கு விலை நினைவகம்தான். குறோமில பாவிக்காத ராப்பின்ர நினைவகத்தை விடுவிக்கிற மெமறி சேவரை ஓன் பண்ணி விடுங்கோ, எட்ஜிலயும் சும்மா கிடக்கிற ராப்பை நித்திரையாக்கிற வசதி இருக்கு. அதைவிட பெரிய சனியன் விளம்பரம். எங்கட தமிழ் நியூஸ் சைற் சிலதைத் திறந்தா செய்தி எங்க எண்டு தேடவேணும், இன்ரநெற் லைன் முழுக்க விளம்பரத்துக்குத்தான் போகுது. விளம்பரத்தைத் தடுக்கிற யூபிளொக் ஒரிஜின் எண்ட எக்ஸ்ரென்சனை, அதாவது பிறவுசரோட சேத்துப் போடுற சின்ன மென்பொருளை, போட்டாலே மெசின் மாத்தின மாதிரி இருக்கும், ஆனா கூகிள் பழைய எக்ஸ்ரென்சன் முறையை நிப்பாட்டினதால குறோமில முழுசா ஓடாது, லைற் எண்டு வெட்டிக் குறைச்ச ஒண்டுதான். பயர்பொக்ஸில இன்னும் முழுசா ஓடுது, அன்ட்ரொயிட் போனிலயும்தான். இதுக்காகவே நான் பயர்பொக்ஸ் பக்கம்.

இன்னும் விண்டோஸ் 7 ஓடுற கடையள் இருக்கு, கோவிக்காதேங்கோ. அதுக்கு குறோம் 2023 ஜனவரியில வந்த 109 பதிப்போட நிண்டிட்டுது. பயர்பொக்ஸ் 115இன்ர நீண்டகாலப் பதிப்பு அதுக்குப் பிறகும் கன காலம் பாதுகாப்புத் திருத்தம் வாங்கினது, மெசின் மாத்துமட்டும் அதைப் போட்டு வையுங்கோ, ஆனா பாங்க் வேலை மட்டும் அதில வேண்டாம்.

இனித்தான் நான் எழுத வந்த விசயம். கம்பஸ் அப்ளிகேசன் போட வாற பிள்ளையள் பாஸ்வேட் அடிக்கேக்க சேவ் பண்ணட்டோ எண்டு கேக்கும், அதுகள் அவசரத்தில ஓம் எண்டு அமத்திட்டுப் போகுங்கள், அடுத்து வாறவன் அந்தக் கதிரையில இருந்து ஈமெயிலைத் திறந்தா அந்தப் பிள்ளையின்ர மெயில்தான் நிக்கும். எந்த பிறவுசர் எண்டாலும் செற்றிங்சில பாஸ்வேட் சேமிக்கிறதை நிப்பாட்டுங்கோ, மூடேக்க குக்கீயை, அதாவது ஆள் உள்ளுக்க போனதை சைற் நினைவு வைக்கிற சின்னக் குறிப்பை, அழிக்கச் சொல்லி வையுங்கோ, இல்லாட்டி வாடிக்கையாளருக்கு, மூடினா பாத்த விபரத்தை வைக்காத இன்கொக்னிற்றோ விண்டோவைத் திறந்து குடுங்கோ. அதுவும் எல்லாத்தையும் அழிக்காது கண்டியளோ, இறக்கின பைல் அப்பிடியே கிடக்கும். ஸ்கான் பண்ணின ஐடென்ரிக்காட், பிறப்புச் சான்றிதழ், பாங்க் புத்தகத்தின்ர முதல் பக்கம் எல்லாம் டவுன்லோட்ஸ் போல்டரில வரிசையா இருக்கும். இண்டைக்குக் கடை பூட்டமுதல் ஒவ்வொரு மெசினிலயும் அதை ஒருக்காத் திறந்து அழியுங்கோ, றிசைக்கிள் பின்னையும் சேத்து.