அது கிரேக்கர் காலத்துச் சிலை அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற ஞாயிறு இணைப்பில் இத்தாலியின் சிசிலித் தீவிலுள்ள அக்ரிஜெந்தோ கோயில் படம் பார்த்தேன். கோயிலுக்கு முன்னால் கை கால் இல்லாமல், சிறகோடு கிடக்கும் உருவத்தை 'இடிந்து விழுந்த கிரேக்கச் சிலை' என்று போட்டிருந்தீர்கள். கோயில் கி.மு. 5ஆம் நூற்றாண்டு, சரி. சிலை நம் காலத்தது. கிரேக்கர் கதையில் வரும் இகாரஸை, போலந்துச் சிற்பி இகோர் மித்தோராய் வெண்கலத்தில் செய்தது. 2011இல் அந்தக் கோயில்களுக்கு நடுவே அவருடைய சிற்பங்களை வைத்துக் கண்காட்சி நடத்தினார்கள். அது முடிந்தும் இகாரஸ் அங்கேயே தங்கிவிட்டான்.

நாற்பது வருடம் மெழுகு பிடித்து வெண்கலம் வார்த்தவன் நான். மகள் இத்தாலியில் இருப்பதால் போன வருடம் நேரில் பார்க்கக் கொடுத்துவைத்தது. தோள் முடிகிற இடத்தருகே வெகுநேரம் நின்றேன். தானாக உடைந்த வெண்கலத்தின் விளிம்பு பிசிறடிக்கும். இது வார்ப்பதற்கு முன்பே யோசித்து முடித்த முறிவு. மெழுகால் ஒட்டிய சிறகோடு பறந்து, சூரியனை நெருங்கி, மெழுகு உருகி விழுந்தவன் இகாரஸ். மெழுகை உருக்கித்தானே நாங்களும் உருவம் வார்க்கிறோம்! எனக்குக் கண் கலங்கிவிட்டது.

பழைய இடிபாட்டில் புதுச் சிற்பம் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. இகாரஸோடு சிறையிலிருந்து பறந்த தந்தை டெடலஸ் தப்பிவந்து சேர்ந்தது சிசிலியில்தான் என்பது கிரேக்கர் கதை. அந்த மண்ணில் மகனும் கிடப்பது எனக்கு அந்நியமாகத் தெரியவில்லை. தரையில் அவன் கிடப்பதால் பின்னால் தூண்கள் இன்னும் உயரமாகத் தெரிந்தன.

மித்தோராய் 2014இல் காலமாகிவிட்டார். அடுத்த இதழில் அவர் பெயரைப் போட்டுத் திருத்தம் வெளியிடுங்கள்.

ஓய்வுபெற்ற வார்ப்புத் தொழிலாளி,
சுவாமிமலை.