காதருக்கு, வத்தல் விஷயமாக

அன்புள்ள காதர்,

கடிதம் கிடைத்தது. பேரன் பிறந்த செய்தி கேட்டு வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். இங்கே மாசியில் பெய்த மழையில் களத்தில் கிடந்த மிளகாய் வத்தல் பாதி நனைந்து போச்சு. சாயல்குடிப் பக்கம் யாரைப் பார்த்தாலும் இதே புலம்பல்தான்.

சரி, நீ கேட்டதற்கு வருகிறேன். புற ஊதா டார்ச் அடித்தால் வத்தலில் பூஞ்சை விடும் நஞ்சான அஃப்ளடாக்சின் தெரிந்துவிடும் என்று மருமகன் சொன்னாராமே, அதற்குக் காசைக் கொட்டாதே மாப்ளே. மக்காச்சோளத்தில் அந்த வெளிச்சத்துக்கு மஞ்சளும் பச்சையுமாய் மின்னுவது பூஞ்சை விடும் வேறொரு பொருள். அது மின்னுகிற இடத்தில் நஞ்சு இருக்கலாம், இல்லாமலும் போகலாம். நஞ்சைத் தனியே பிரித்தெடுத்துப் பார்த்தால்தான் அதன் சொந்த ஒளிர்வு தெரியும். 1960-இல் இங்கிலாந்தில் லட்சம் வான்கோழிகள் செத்தபோது, தீவனத்துக் கடலைப் பிண்ணாக்கில் அந்த நீல ஒளிர்வை வைத்துத்தான் இந்த நஞ்சைக் கண்டுபிடித்தார்கள்.

கையோடு பார்க்க வேண்டுமென்றால் பட்டைச் சோதனை இருக்கிறது, கர்ப்பம் பார்க்கிற குச்சி மாதிரி. ஆனால் இதில் தலைகீழ்: சோதனைக் கோடு மங்கினால்தான் ஆபத்து. வத்தலின் சிவப்புச் சாறு கோட்டைக் குழப்பும், அதனால் மிளகாய்க்கென்று சரிபார்த்த பட்டையா என்று கேட்டு வாங்கச் சொல். நிறைய மாதிரி இருந்தால் எலைசா, ஒரே தட்டில் பலதையும் பார்க்கிற ஆய்வகச் சோதனை. ஐரோப்பாவுக்குப் பொடி அனுப்பும் எண்ணம் இருந்தால் எச்பிஎல்சி, அதாவது நஞ்சைப் பிரித்து அளவு சொல்லும் மெஷின் சோதனைதான் சரி. அங்கே மிளகாய்க்குக் கிலோவுக்கு அஃப்ளடாக்சினில் கொடியதான பி1 வகை 5 மைக்ரோகிராம், எல்லா வகையும் சேர்த்து 10-தான் எல்லை. நம் நாட்டில் மசாலாவுக்கு மொத்தம் 30 வரை விடுகிறார்கள். வறுத்தால் போய்விடும் என்று அக்கா சொல்வார், முழுசாகப் போகாது.

ஆனால் மெஷினைவிட முக்கியம் மாதிரி எடுக்கிற கை. நம் முண்டு வத்தல் உருண்டை, தோலும் தடிப்பு. வெளியே பளபளவென்று இருக்கும், உள்ளே ஈரம் நிற்கும். நேற்று ஒன்றைப் பிளந்தேன். விதையைச் சுற்றிச் சாம்பல் பச்சையாய்ப் பூத்திருந்தது. பக்கத்தில் கிடந்ததை ஆட்டினால் கலகலவென்று சத்தம், உள்ளே சுத்தம். மூட்டைக்கு நாலைந்து இப்படி ஒளிந்திருந்தால் போதும், லோடே கெட்டது. போன வருஷம் ஒரு வியாபாரி மேல் மூட்டையில் ஒரு கை அள்ளி அனுப்பி நல்ல ரிப்போர்ட் வாங்கினார்; லோடு திரும்பி வந்தது. மேல், நடு, அடி என்று பல மூட்டையில் எடுத்து, எல்லாவற்றையும் ஒன்றாக அரைத்து, அதிலிருந்துதான் சோதனைக்கு எடுக்க வேண்டும்.

2023-இல் நம் முண்டு வத்தலுக்குப் புவிசார் குறியீடு கிடைத்ததை ஊரே கொண்டாடியது. கொண்டாட்டம் சரி, வெறும் மண்ணில் காயப்போடுவதை இன்னும் யாரும் விட்டபாடில்லை. இந்த வருஷம் நான் தார்ப்பாய் வாங்கிவிட்டேன்.

அப்புறம், அடுத்த வாரம் தூத்துக்குடியில் நறுமணப் பொருள் வாரிய ஆய்வகத்துக்குப் போகிறேன். மருமகனின் பொடியிலும் அரைக் கிலோ அனுப்பினால் சேர்த்தே கொடுத்துவிடுவேன். எந்த லாட் என்று கவர் மேல் எழுதச் சொல்.

அன்புடன்,
முருகேசன்