ஏவுகணைத் தடுப்பு நிதி: எந்த அடுக்குக்கு, என்ன நிபந்தனையில்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இஸ்ரேலின் ஏவுகணைத் தடுப்புக்கு அமெரிக்கா பணம் கொடுக்கலாமா, கூடாதா என்றே எல்லோரும் பேசுகிறார்கள். அந்தத் தடுப்பில் குறுந்தூர ராக்கெட் முதல் நெடுந்தூர ஏவுகணை வரை தனித்தனி அடுக்குகள் உண்டு. எந்த அடுக்குக்கு, என்ன நிபந்தனையில் என்ற பேச்சுதான் காணோம்.

2016இல் போட்ட ஒப்பந்தப்படி அமெரிக்கா இஸ்ரேலுக்குத் தரும் ராணுவ உதவி 2019 முதல் 2028 வரை மொத்தம் 3,800 கோடி டாலர். அதில் ஏவுகணைத் தடுப்புக்கு ஆண்டுக்கு 50 கோடி. இது போக 2024 ஏப்ரலில் குறுந்தூர ராக்கெட்டுகளைத் தடுக்கும் அயர்ன் டோம், அதற்கு மேலடுக்கான டேவிட்ஸ் ஸ்லிங் இரண்டுக்கும் சேர்த்து 400 கோடி தனியாக ஒதுக்கினார்கள்.

அயர்ன் டோம் பேட்டரி, அதாவது ரேடாரோடு சேர்ந்த ஒரு தொகுதி, ஒன்றில் மூன்று நான்கு ஏவுசாதனங்கள் இருக்கும். ஒவ்வொன்றிலும் தமீர் என்னும் தடுப்பு ஏவுகணைகள் 20. வருகிற ராக்கெட் விழும் இடத்தை ரேடார் முன்கூட்டியே கணித்துவிடும். வெட்டவெளி என்றால் விட்டுவிடுவார்கள், ஊருக்குள் என்றால்தான் தமீர் கிளம்பும். ஒரு தமீரின் விலை சுமார் 50,000 டாலர். சில நூறு டாலர் ராக்கெட்டுக்கு இவ்வளவா என்று கேலி செய்பவர்கள், அது விழும் அடுக்குமாடியின் விலையை ஏனோ கணக்கில் சேர்ப்பதில்லை. சிக்கல் சரமாரியாக வரும்போதுதான். ஏவுசாதனம் காலியானால், மறுபடி நிரப்பும்வரை அந்தப் பகுதி திறந்து கிடக்கும்.

பணம் எப்போது போகிறது என்பதும் முக்கியம். அயர்ன் டோமை இஸ்ரேல் தானே உருவாக்கியது. அமெரிக்க நிதி 2011 வாக்கில்தான் வந்தது. கூட்டுத் தயாரிப்பு உடன்பாடு 2014இல்தான். பிறகு அமெரிக்க ராணுவம் இரண்டு பேட்டரிகள் வாங்கித் தன் கட்டளை வலையமைப்பில் இணைக்கப் பார்த்தபோது மென்பொருளின் மூல நிரல் (அதை எழுதிய கணினி வரிகள்) இஸ்ரேலிடமிருந்து கிடைக்கவில்லை. கடைசியில் வேறொரு அமைப்பைத் தேர்ந்தெடுத்தார்கள். நெடுந்தூர ஏவுகணைகளை மிக உயரத்தில் தடுக்கும் ஏரோ திட்டத்தில் கதையே வேறு. 1988 முதலே இருவரும் கூட்டாளிகள். அதனால்தான் 2023இல் ஜெர்மனிக்கு ஏரோ-3 விற்க அமெரிக்காவின் ஒப்புதல் தேவைப்பட்டது.

உண்மையில் கையைக் கடிப்பது உதவி மசோதாவில் வராத செலவு. 2024 அக்டோபரில் தன் சொந்த மேலடுக்குத் தடுப்பு அமைப்பான தாட் பேட்டரி ஒன்றையும் சுமார் 100 வீரர்களையும் அமெரிக்கா இஸ்ரேலுக்கு அனுப்பியது. ஒரு பேட்டரிக்கு ஆறு ஏவுசாதனங்கள், 48 ஏவுகணைகள். 2025 ஜூனில் ஈரானுடன் நடந்த 12 நாள் போரில் நூற்றுக்கு மேற்பட்ட தாட் ஏவுகணைகள் சுடப்பட்டதாக அமெரிக்க ஊடகங்கள் எழுதின. ஒன்றின் விலை 1.2 கோடி டாலருக்கு மேல். அந்த நிதியாண்டில் புதிதாக வரவிருந்தவையோ 12தான். எவ்வளவு பணம் ஒதுக்கினாலும் தொழிற்சாலை ஒரே நாளில் வேகம் பிடிக்காது. ராக்கெட் மோட்டார், இலக்கைத் தேடிப் பிடிக்கும் உணரித்தலை எல்லாம் ஆண்டுக்கணக்கில் முன்பதிவு செய்து வாங்க வேண்டியவை.

ஆகவே என் கருத்து: தமீரை இஸ்ரேல் தன் காசிலேயே வாங்கலாம், வசதியான நாடுதான். நட்பு நாட்டுப் பணம் மேலடுக்குக்கு, குறிப்பாக ஏரோ-3 உற்பத்தியைப் பெருக்கப் போகட்டும். அங்கே கூடுதலாக வரும் ஒவ்வொரு ஏவுகணையும் அமெரிக்கக் கிடங்கிலிருந்து ஒரு தாட் குறைவதைத் தடுக்கும். 2028க்குப் பிந்தைய ஒப்பந்தத்தில் மூல நிரல், உற்பத்திப் பங்கு, போரில் சுட்டதை யார் எத்தனை மாதத்தில் நிரப்புவது என்ற மூன்றையும் கையெழுத்துக்கு முன்பே எழுதிக்கொள்ள வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், திருச்சி