மருந்து ட்ரொலியும் ஒரு கொப்பியும்

கல்லடி, மட்டக்களப்பு
ஆடி மாதம், ஒரு டே ஓஃப் நாள்

அன்புள்ள வதனி,

உன் கடிதம் கிடைத்தது. கடிதமா அது, நான்கே வரி! சிறுபோக வெட்டு நடக்குது, பிள்ளைக்குக் காய்ச்சல், வீட்டில் உதவிக்கு ஆளில்லை, "எனக்கொரு ஆராய்ச்சித் தலைப்புச் சொல்லுகா". நோயாளியின் ரிக்கற்றில் குறிப்பு எழுதி எழுதிச் சிநேகிதிக்கும் அப்படியே எழுதப் பழகிவிட்டாய். சரி, நான் நீட்டி எழுதுகிறேன். கச்சான் காற்றின் வெக்கை வெளியே தலைகாட்ட விடுகிறதில்லை, மாமி முழங்கால் நோவென்று படுத்துவிட்டா, பிள்ளைகள் ரியூசனுக்குப் போய்விட்டார்கள்.

தாதியியல் படிக்கத் திறந்த பல்கலைக்கழகத்தில் சேர்ந்துவிட்டாய் என்றதே எனக்குப் பெரிய சந்தோஷம். பதினைந்து வருடமாக "அடுத்த வருஷம்" என்று சொல்லிக்கொண்டிருந்தவள் நீ. இனி நைட் டியூட்டி முடித்து, அக்கரைப்பற்றில் பஸ் ஏறி, ஜன்னலில் தலை மோத மோத நித்திரை கொண்டு வந்து வகுப்பில் இருக்கப்போகிறாய். ஹொஸ்டலில் அலாரம் அடித்தாலும் எழும்பாதவள்!

நீ யோசித்து வைத்திருக்கிற தலைப்பைப் பார்த்தேன். "கை கழுவுதல் பற்றித் தாதியரின் அறிவும் மனப்பாங்கும் நடைமுறையும்." கோபிக்காதே, இதே மாதிரி எத்தனை வினாத்தாளை நாம் இருவரும் நிரப்பிக் கொடுத்திருப்போம்? கை கழுவுவது முக்கியமா என்று கேட்டால் எந்தத் தாதி இல்லை என்று எழுதுவாள்? கை கழுவ வேண்டியதென்று உலக சுகாதார நிறுவனம் சொன்ன ஐந்து தருணங்களும் சுவரில் படமாக ஒட்டியிருக்கிறது. வினாத்தாளைச் சுவருக்குக் கொடுத்தால் அதுவும் நூறு புள்ளி எடுக்கும். நமக்குத் தெரியாததால் பிழை நடக்கிறது என்று நினைத்துக்கொண்டுதான் இப்படிக் கேள்வி போடுகிறார்கள். நம் பிழைகளில் முக்கால்வாசி, தெரிந்துகொண்டே விடுகிற பிழைகள் என்பதுதான் என் எண்ணம்.

உனக்கு இதுவரை சொல்லாத ஒரு கதை இருக்கிறது. இங்கே மாறி வருவதற்கு முன், வேறோர் ஆஸ்பத்திரியில், பெண்கள் வார்ட்டில் நடந்தது. பக்கத்துப் பக்கத்துக் கட்டிலில் இரண்டு தங்கம்மா. ஒருவருக்குச் சீனி வருத்தம், மற்றவருக்கு நெஞ்சில் சளி. பகல் பன்னிரண்டு மணி, பார்வையாளர் நேரம். சோற்றுப் பார்சலும் தேநீர்ப் போத்தலுமாகச் சனம் உள்ளே வருகிறது. நான் இன்சுலினை ஊசியில் இழுத்துக்கொண்டிருக்கிறேன். "மிஸ்ஸி, அம்மாவின் சேலைன் முடிஞ்சுது." போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். "மிஸ்ஸி, எக்ஸ்ரே துண்டு எங்க?" எடுத்துக் கொடுத்தேன். போன் அடித்தது. எல்லாம் முடித்து ஊசியோடு கட்டிலடிக்குப் போய், "தங்கம்மாதானே?" என்றேன். "ஓம் மகள்" என்று அந்த மனிசி சட்டைக் கையைச் சுருட்டித் தந்தா. பஞ்சால் துடைத்தும்விட்டேன். பக்கத்துக் கட்டிலில் இருந்து ஒரு சிரிப்பு: "பிள்ளை, சீனி எனக்கெல்லோ!"

கை நடுங்கிய நடுக்கம் அன்று பின்னேரம் வரை நிற்கவில்லை. பொறுப்பாக இருந்தவரிடம் சொன்னேன். "கவனமா இருங்கோ" என்றார். அவ்வளவுதான். படிவமும் இல்லை, பேச்சும் இல்லை. நானும் பிறகு புதுப் பிள்ளைகளுக்கு "கவனமா இருங்கோ" என்றே சொல்லியிருக்கிறேன். அதை நினைத்தால் இப்போது வெட்கமாக இருக்கிறது.

அந்தக் கட்டிலடியில் இரண்டு பாடம் கிடந்தது. ஒன்று, "நீங்கள்தானே தங்கம்மா?" என்று கேட்கவே கூடாது. வயதானவர்கள் மிஸ்ஸி கேட்டால் எதற்கும் ஓம் என்பார்கள், காது கேளாதவர்கள் இன்னும் கெதியாகச் சொல்வார்கள். "உங்கட பேர் என்ன?" என்று கேட்டு, அவர்கள் வாயால் வரவைத்து, ரிக்கற்றோடு ஒப்பிட வேண்டும். அதுவும் பேர் மட்டும் போதாது, இன்னொரு அடையாளமும் வேண்டும். உன் பக்கத்தில் சிங்களமும் தமிழும் கலந்த வார்ட்டில் இது இன்னும் சிக்கல். கேள்வியே விளங்காமல் தலையாட்டுகிறவர்களும் இருப்பார்கள்.

மற்றது அந்த இடையூறுகள். இதைத்தான் உனக்குத் தலைப்பாகச் சொல்லப்போகிறேன். சிட்னியில் இரண்டு ஆஸ்பத்திரிகளில் ஜொஹானா வெஸ்ட்புரூக் என்பவரின் குழு 98 தாதியரின் பின்னால் நின்று, 4,000க்கு மேற்பட்ட தடவை மருந்து கொடுப்பதைப் பார்த்துக் குறித்தது. 2010ல் முடிவு வெளியானது. பாதிக்கு மேற்பட்ட தடவை யாராவது குறுக்கிட்டிருக்கிறார்கள். ஒவ்வோர் இடையூறோடும் மருந்து மாறுவது, அளவு மாறுவது போன்ற பிழைகள் 12.7 சதவீதம் கூடியிருக்கின்றன. என்னைக் குத்தியது வேறு. அனுபவம் அந்தப் பிழைகளைத் தடுக்கவில்லையாம். நோயாளியின் அடையாளத்தைப் பார்க்காமல் விடுவது போன்ற நடைமுறைத் தவறுகள் அனுபவசாலிகளிடம்தான் அதிகமாம். பதினைந்து வருட சேவை என்று நெஞ்சை நிமிர்த்துகிற நாம் இரண்டு பேரும் கொஞ்சம் குனியத்தான் வேண்டும்.

"மருந்து கொடுக்கும் நேரம், குறுக்கிட வேண்டாம்" என்று எழுதிய மேலங்கியைப் போட்டுப் பார்த்திருக்கிறார்கள். ஆஸ்திரேலியாவில் 2017ல் வெளியான ஒரு பரிசோதனையில் இடையூறு குறைந்ததாம். ஆனால் அங்கி தொந்தரவு, வெக்கை என்று தாதியரே முணுமுணுத்திருக்கிறார்கள். அங்கேயே வெக்கை என்றால் இந்தக் கச்சானுக்குள் நம் கதி என்ன! அதனால் அவர்கள் கண்ட வழியை அப்படியே எடுத்து நம் வார்ட்டில் ஒட்டாதே. நம் வார்ட்டில் குறுக்கிடுவது யார், எந்த நேரத்தில், எதற்காக என்று முதலில் எண்ணு.

நான் போன கிழமை எண்ணிப் பார்த்தேன். ஆராய்ச்சி இல்லை, சும்மா ஒரு கொப்பி. ட்ரொலியின் கீழ்த் தட்டில் வைத்து, யாராவது கூப்பிட்டால் ஒரு கோடு, நான்கு கோட்டுக்குக் குறுக்கே ஒன்று. ஒரு மத்தியானச் சுற்று முடியும்போது கட்டுக் கட்டாகக் கிடந்தது. பாதிக்கு மேல் சொந்தக்காரர்கள் என்று நினைத்திருந்தேன். பார்த்தால் நம் ஆட்கள்தான்! சாவி கேட்கிற ஆள், படிவம் கேட்கிற ஆள், "ஒரு நிமிஷம் வாங்கோ" என்கிற ஆள். பாவம், சனத்தின் மேல் எத்தனை வருடம் பழி போட்டோம்.

நீ செய்யும்போது இப்படித் தன்பாட்டில் செய்துவிடாதே. எதிக்ஸ் கமிட்டி அனுமதி, வார்ட் சிஸ்டரின் சம்மதம் எல்லாம் வாங்கு. நோயாளர் பேரை எங்கும் எழுதாதே. கையில் பேப்பரோடு ஒருத்தி நிற்கிறாள் என்றால் முதல் நாட்களில் எல்லாரும் கல்யாண வீட்டுப் பிள்ளைகள் மாதிரி ஒழுங்காக இருப்பார்கள். அந்தக் கணக்கை நம்பாதே, அவர்கள் உன்னை மறக்கும் வரை பொறு. முக்கியமாக, யார் பிழை விட்டது என்று எழுதாதே, எப்படி நடந்தது என்று எழுது. ஜேம்ஸ் ரீசன் என்ற உளவியலாளர் ஓட்டை விழுந்த சீஸ் துண்டுகளை உவமையாக வைத்து இதை விளக்கினார். நமக்கு இடியப்பத் தட்டு போதும். ஒரு தட்டின் ஓட்டையை அடுத்த தட்டு மறைக்கும். எல்லா ஓட்டையும் நேர்கோட்டில் வந்த அன்றைக்குத்தான் நோயாளிக்கு ஆபத்து. என் கடைசித் தட்டு, பக்கத்துக் கட்டில் தங்கம்மா.

"நாங்க என்ன பெரிய ஆராய்ச்சி செய்யப்போறம்" என்று எழுதியிருந்தாய். படுக்கைப் புண் வரும் ஆபத்தை அளக்க நாம் படித்த நோர்ட்டன் அளவுகோலை நினைத்துப் பார். 1962ல் டொரீன் நோர்ட்டன் என்ற தாதி, முதியோர் வார்ட்டில் பார்த்ததை வைத்து உண்டாக்கியது. ஐந்து விடயத்துக்குப் புள்ளி, 14 அல்லது அதற்குக் கீழே வந்தால் ஆபத்து. பரீட்சைக்கு முதல் இரவு நீ அதைப் பாட்டாகப் பாடி மனப்பாடம் செய்தாயே!

உன் மேற்பார்வையாளர் வினாத்தாள்தான் வேண்டுமென்று நின்றால் என்ன செய்வதென்று தெரியவில்லை. அப்போது பார்ப்போம்.

ஆடி அமாவாசைக்கு மாமாங்கக் கோயில் தீர்த்தத்துக்கு வருவாய்தானே? அன்றைக்கு டியூட்டி மாற்றித் தரச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். தீர்த்தம் முடிய நேரே வீட்டுக்கு வா, கோடு போட்ட கொப்பியைக் காட்டுகிறேன். வரும்போது உங்கள் பக்கத்து எருமைத் தயிர் ஒரு சட்டி. பிள்ளைக்குக் காய்ச்சல் இரண்டு நாளுக்கு மேல் நின்றால் இரத்தம் சோதித்துப் பார், டெங்குவாகவும் இருக்கலாம்.

அன்புடன்,
உன் பழைய அறைத் தோழி