கல்லில் பெயர் இல்லாதவர்களுக்கு

மயிலாடுதுறை மக்களுக்கு வணக்கம்.

மாயூரம் என்று நம் ஊர் அழைக்கப்பட்ட காலத்தில் இங்கே முன்சீப்பாக, அதாவது நீதிபதியாக, இருந்த வேதநாயகம் பிள்ளைக்கு எங்கள் தெரு வாசகசாலை வாசலில் ஒரு நினைவுக்கல் நட்டாயிற்று. ஒரு டியூப்லைட் மாட்டினாலே வெளிச்சம் மறைகிற அளவுக்கு 'உபயம்' எழுதும் ஊர் நம்முடையது. ஆனால் இந்தக் கல்லுக்குப் பணம் தந்தவர்களில் ஒருவரும் பெயர் கேட்கவில்லை. போடக் கூடாது என்று சொன்னவர்கள்தான் அதிகம். அதனால் இந்த மடலிலும் பெயர் இல்லை. யாரைச் சொல்கிறேன் என்று அவரவருக்குத் தெரியும்.

முதல் நன்றி கல் வெட்டியவருக்கு. எழுத்துக்கு இவ்வளவு என்று கூலி. பிள்ளை எழுதிய நாவலின் பெயர் 'பிரதாப முதலியார் சரித்திரம்' என்பதே 15 எழுத்து. புள்ளிக்கும் கொம்புக்கும் தனிக்காசா என்று தயங்கிக் கேட்டோம், சிரித்துவிட்டார். நாங்கள் கொடுத்த தாளில் நாவல் வெளிவந்த ஆண்டு 1878 என்று இருந்தது. அது எங்கள் பிழை. ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் வந்து பார்த்து, 1879 என்று சொல்வதற்குள் 8 வெட்டி முடிந்திருந்தது. அந்தப் பக்கம் முழுவதையும் இழைத்து மறுபடி வெட்டினார் மனிதர், கூடுதலாக ஒரு ரூபாய் வாங்கவில்லை. ஆசிரியர் ஐயாவுக்கும் நன்றி, கொஞ்சம் முன்னால் வந்திருக்கலாம்.

என்ன எழுதுவது என்பதில்தான் பெரிய சண்டை. குளத்தூரில் பிறந்தவர், தரங்கம்பாடி, சீர்காழி என்று முன்சீப் வேலை பார்த்து நம் ஊருக்கு வந்தவர், நகராட்சித் தலைவராகவும் இருந்தவர். இத்தனையும் எதற்கு, தமிழின் முதல் நாவலாசிரியர் என்றால் போதாதா என்றேன் நான். எதிர்வீட்டுப் பாட்டி விடவில்லை. "கதை எழுதினது சரி, கஞ்சி ஊத்தினதைப் போடலையா தம்பி?" 1876-78இல் வந்த தாது வருஷப் பஞ்சத்தில் ஊர் வாடியபோது வேதநாயகம் பிள்ளை கைப்பொருளைச் செலவழித்துப் பசியாற்றியதைப் பார்த்துத்தான் கீர்த்தனைக் கவிஞர் கோபாலகிருஷ்ண பாரதியார் அவர்மேல் 'நீயே புருஷ மேரு' பாடினார். பாட்டியே ஜெயித்தார். முதல் வரி கஞ்சி, அப்புறம்தான் நாவல்.

கல்லைக் குட்டியானையில் ஏற்றி வந்து டீசல் காசு மட்டும் வாங்கிக்கொண்ட தம்பிக்கும், குழி தோண்டிய பையன்களுக்கும், காலையிலிருந்து டீ கொடுத்துவிட்டுக் கணக்கே சொல்லாத கடைக்கார அக்காவுக்கும் நன்றி. அக்கா, கணக்கைச் சொல்லிவிடுங்கள்.

கல் நட்ட அன்று தண்ணீர் கொண்டுவந்த பித்தளைக் குடம் ஒன்று என் வீட்டிலேயே இருக்கிறது. கழுத்தில் சின்ன நசுங்கல் இருக்கும். உரியவர் வந்து வாங்கிக்கொள்ளவும்.